காரியின் தேரும் அக்கா மகனின் செகண்ட் ஹேண்ட் காரும்

போன மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா மகன் போன் பண்ணினான்.

"மாமா, ஒரு பழைய கார் வாங்கலாம்னு இருக்கேன். ரெண்டு லட்சத்துக்குள்ள முடியணும். நல்ல மைலேஜ் குடுக்கணும். தினமும் ஹைவேஸ்ல ஓடணும். எது வாங்கலாம்?"

அவனுக்கு வேலை சின்னசேலத்தில், ஒரு பள்ளிக்கூடத்தில். குடித்தனம் திருக்கோவிலூரில். மனைவிக்கு ஊரிலேயே வேலை, அக்காவுக்கும் உடம்பு சரியில்லை, அதனால் வீட்டை மாற்ற முடியாது. ரிஷிவந்தியம் வழியாகப் போய் தியாகதுருகத்தில் சேலம் – உளுந்தூர்பேட்டை நாலு வழிச் சாலையைப் பிடித்து, கள்ளக்குறிச்சி பைபாஸ் தாண்டிப் போகணும். ஒரு வழிக்கு அறுபது கிலோமீட்டர் பக்கம் வருது. பஸ்ஸில் மாறிப் போனால் காலையில் இருட்டோடு கிளம்பணும். ரெண்டு சின்னப் பிள்ளைகள். அவர்கள் முழித்திருக்கும்போது அவன் வீட்டில் இருப்பதே ஞாயிறு மட்டும்தான்.

"ஒரு வாரம் டைம் குடு மாப்ள, பாத்துச் சொல்றேன்" என்றேன். எனக்கோ எதை எடுத்தாலும் அதன் பூர்வீகத்தைத் தோண்டாமல் விட முடியாத வியாதி. "காரு கேட்டா கட்டுரை எழுதுறவன்டா நீ" என்று அக்கா போனிலேயே திட்டினாள். திட்டியது சரிதான். அந்த ஒரு வாரத்தில் சேர்ந்த குறிப்புகள்தான் இது.

திருக்கோவிலூர்க்காரனுக்கு வண்டி விஷயத்தில் ஒரு பழைய பெருமை உண்டு. மலையமான் திருமுடிக்காரி ஆண்ட ஊர் இது. கடையெழு வள்ளல்களில் ஒருவன். பாரி முல்லைக்குத் தேர் கொடுத்த கதை எல்லாருக்கும் தெரியும். ஆனால் தேர் கொடுப்பதையே வழக்கமாக வைத்திருந்தவன் எங்கள் ஊர்க் காரிதான். போதையில் தேரை வாரிக் கொடுப்பது யாருக்கும் எளிது, இவன் தெளிவாக இருக்கும்போதே கொடுக்கிறான் என்ற பொருளில் கபிலர் அவனைப் பாடியிருக்கிறார். அவனுடைய குதிரைக்கும் காரி என்றே பேர். பெண்ணையாற்றில் கபிலர் குன்றைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒரு வீண் யோசனை வரும்: காரி கொடுத்த தேரெல்லாம் புதுசா, இல்லை ஏற்கெனவே ஓடினதா? பரிசில் வாங்கிய புலவர்கள் அதை வைத்து என்ன செய்திருப்பார்கள்? குதிரைக்குக் கொள்ளு வாங்கிப் போட முடியாமல் வித்திருப்பார்கள் என்றுதான் நினைக்கிறேன். அப்படியென்றால் செகண்ட் ஹேண்ட் வண்டி வியாபாரம் நம்ம ஊரில் சங்க காலத்திலேயே தொடங்கிவிட்டது. ஆதாரம் கேட்காதீர்கள், இது ஆய்வு இல்லை, ஆசை.

சரி, காருக்கு வருவோம்.

எங்கள் சின்ன வயதில், அதாவது 1970-களின் கடைசியில், ஊரில் சொந்தக் கார் வைத்திருந்தவர்களை விரல் விட்டு எண்ணலாம். ரைஸ் மில் முதலாளி வீட்டில் அம்பாசிடர். ஒரு டாக்டரிடம் ஸ்டாண்டர்ட் ஹெரால்டு. மற்றவர்களுக்கு விழுப்புரம் – காட்பாடி பாசஞ்சர் ரயிலும், தந்தை பெரியார் போக்குவரத்துக் கழகத்தின் பஸ்ஸும்தான். அந்த ஹெரால்டின் மேல் எங்களுக்குத் தனிப் பாசம். அது நம்ம மெட்ராஸ் வண்டி. ஸ்டாண்டர்ட் மோட்டார் ப்ராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா என்ற கம்பெனி 1948-இல் தொடங்கி வண்டலூர் பக்கம், ஜி.எஸ்.டி. ரோட்டு மேலேயே தொழிற்சாலை வைத்திருந்தது. 1961-இலிருந்து ஹெரால்டு. இங்கிலாந்தில் ரெண்டு கதவோடு வந்த அந்தக் காருக்கு நாலு கதவு வைத்தது மெட்ராஸ்காரர்கள் வேலை. குடும்பத்தோடு ஏறி இறங்கும் நாட்டில் ரெண்டு கதவு எப்படிக் கட்டுப்படியாகும்?

அந்தக் காலத்தில் இந்தியாவில் ஓடிய கார்களே மூன்றுதான் என்று சொல்லிவிடலாம். அம்பாசிடர், ஃபியட், ஸ்டாண்டர்ட். இங்கே கார்களைப் பூட்டி விற்றுக்கொண்டிருந்த ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்சும், உள்நாட்டிலேயே பாகங்களைத் தயாரிக்க வேண்டும் என்ற கொள்கை வந்ததும் 1950-களின் நடுவில் மூட்டை கட்டிவிட்டன. மீதி இருந்த மூன்றுக்கும் உற்பத்தி அளவு லைசென்ஸ் கணக்கு. பணம் கட்டி வருடக்கணக்கில் காத்திருக்கணும். அதனால் ஒரு விசித்திரம் நடந்தது. பழைய கார், புதுக் காரை விட மலிவாக இருக்கணும் என்ற சாதாரண விதி இங்கே செல்லவில்லை. அலாட்மெண்ட் கிடைத்தவர் கொஞ்ச நாள் ஓட்டிவிட்டு, வாங்கிய விலைக்கு மேலேயே விற்க முடிந்தது. காத்திருக்க முடியாதவன் அந்தக் காத்திருப்புக்கும் சேர்த்து விலை கொடுத்தான்.

சின்னக் கார், மலிவுக் கார் என்ற பேச்சு அப்போதே இருந்தது. 1960 வாக்கில் எல்.கே. ஜா தலைமையிலான குழு மலிவு விலைக் கார் வேண்டும் என்று சொல்லிவிட்டது. பிறகு இன்னும் குழு, இன்னும் அறிக்கை. 1971-இல் சஞ்சய் காந்தியின் மாருதி லிமிடெட். அந்தக் கம்பெனி கடைசி வரை மக்களுக்குக் காரே கொடுக்கவில்லை. 1980-இல் அரசு அதை எடுத்துக்கொண்டு, 1981 பிப்ரவரியில் மாருதி உத்யோக் என்று புதிதாகப் பதிவு செய்து, 1982 அக்டோபரில் ஜப்பானின் சுசூகியோடு ஒப்பந்தம் போட்டது. 1983 டிசம்பர் 14, முதல் மாருதி 800-இன் சாவியை இந்திரா காந்தி கொடுத்தார். 796 சிசி, மூன்று சிலிண்டர், 12 இன்ச் சக்கரம். விலை 50 ஆயிரத்தை ஒட்டி. லட்சத்துக்கும் மேலான ஆட்கள் முன்பணம் கட்டி நின்றார்கள்.

அதே 1980-களின் நடுவில் நம்ம வண்டலூர்க்காரர்கள் என்ன செய்தார்கள் என்று பார்த்தால் அழுகைதான் வருது. 1985-இல் ஸ்டாண்டர்ட் 2000 என்று ஒரு பெரிய கார் விட்டார்கள். உடம்பு இங்கிலாந்தின் ரோவர், எஞ்சின் அவர்கள் காலங்காலமாக வைத்திருந்த பழைய வான்கார்டு எஞ்சினின் வழி வந்தது. ஊரே பெட்ரோல் கம்மியாகக் குடிக்கிற சின்னக் காருக்கு வரிசையில் நிற்கும்போது இவர்கள் பெட்ரோலைக் குடித்துத் தள்ளுகிற பெரிய காரை விற்கப் பார்த்தார்கள். 1988-இல் தொழிற்சாலை மூடியாச்சு. எங்கள் டாக்டர் வீட்டு ஹெரால்டுக்கு அப்புறம் ஸ்பேர் பார்ட்ஸ் தேடி புதுப்பேட்டைக்கு ஆள் அனுப்ப வேண்டியதாயிற்று. கார் நல்ல கார், கம்பெனி போய்விட்டால் அந்த நல்ல கார் தலைவலி. இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு ஃபோர்டு விஷயத்தில் உதவும்.

மாருதி 800 என்ன சாதித்தது என்பதை மைலேஜ் கணக்கை மட்டும் வைத்துப் பார்க்கக் கூடாது. அது நம் ஆட்களுக்கு 'பழைய கார்' என்ற ஒன்றையே உண்டாக்கிக் கொடுத்தது. ஒரே மாதிரி வண்டி, பத்து வருஷம், இருபது வருஷம், லட்சக்கணக்கில். எந்த மெக்கானிக்குக்கும் தெரியும். பாகம் எந்த ஊரிலும் கிடைக்கும். முதல் ஓனர் வங்கி மேனேஜர், இரண்டாவது ஓனர் வாத்தியார், மூன்றாவது ஓனர் மளிகைக் கடைக்காரர், நான்காவது ஓனர் டிரைவிங் ஸ்கூல் என்று ஒரு கார் நான்கு குடும்பங்களைக் கார்க் குடும்பமாக்கியது. 1990-களின் கடைசியில் திருக்கோவிலூர் மாதிரி ஊர்களில்கூட 'ஆட்டோ கன்சல்டிங்' போர்டு தொங்க ஆரம்பித்ததற்கு இதுதான் காரணம். வீட்டு முன்னால் நாலு வண்டி நிறுத்தி, உள்ளே ஒரு மேஜை, சாமி படம், கட்டுக் கட்டாக ஆர்சி புக். அந்த மேஜைக்குப் பின்னால் இருக்கிறவர் ரெண்டு வசனம் கட்டாயம் சொல்வார்: "டாக்டர் ஓட்டின வண்டி சார்", "ஞாயித்துக்கிழமை கோயிலுக்கு மட்டும்தான் எடுப்பாங்க." மாவட்டத்தில் அத்தனை டாக்டர்கள் இருந்தார்களா என்பது ஆராய வேண்டிய விஷயம்.

1998 தமிழ்நாட்டுக்கு முக்கியமான வருஷம். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் தொழிற்சாலை, செப்டம்பரில் சான்ட்ரோ. டிசம்பரில் டாடா இண்டிகா. மாருதி 800-இல் முன் சீட்டில் உட்கார்ந்து முழங்காலை டாஷ்போர்டில் இடித்துக்கொண்ட உயரமான ஆட்களுக்குச் சான்ட்ரோ ஒரு விடுதலை. இண்டிகாவோ டீசலில் வந்தது. சின்னக் காரில் டீசல்! டாக்சிக்காரர்கள் அள்ளிக்கொண்டார்கள். இன்றைக்கும் பழைய இண்டிகா பார்க்கப் போனால் முதலில் கேட்க வேண்டியது, 'இது டி போர்டிலிருந்து ஓன் போர்டுக்கு மாத்தின வண்டியா?' என்பதுதான். டாக்சியாக மூன்று லட்சம் கிலோமீட்டர் ஓடி, மீட்டரைச் சுத்தி விட்டு, மஞ்சள் போர்டை வெள்ளை போர்டாக்கி வருகிற வண்டிகள் ஏராளம். மீட்டரை நம்பாதே, கிளட்ச் பெடலின் ரப்பரையும் ஸ்டியரிங்கின் தேய்மானத்தையும் பார் என்று எங்கள் ஊர் மெக்கானிக் ஒருவர் சொல்வார். ரெண்டையும் மாற்றிவிட்டிருந்தால்? 'அப்ப ரொம்ப ஓடின வண்டின்னு கன்ஃபார்ம் பண்ணிக்க' என்பார்.

டீசல் மோகம் தனிக் கதை. பெட்ரோல் விலையை அரசு 2010 ஜூனில் விடுவித்தது, டீசலை 2014 அக்டோபர் வரை விடவில்லை. நடுவில் அந்த நாலு வருஷம் இருக்கிறதே, அதுதான் இன்றைய பழைய கார் சந்தையை உருவாக்கியது. 2012-இல் ஒரு சமயம் டெல்லியில் ரெண்டுக்கும் லிட்டருக்கு 30 ரூபாய்க்கு மேல் வித்தியாசம். யாருக்குத்தான் ஆசை வராது? தினம் பத்து கிலோமீட்டர்கூட ஓட்டாதவர்கள் எல்லாம் ஸ்விஃப்ட் டீசல், ஃபிகோ டீசல் என்று வாங்கினார்கள். பிறகு விலை நெருங்கியது. 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 வந்ததும் மாருதி டீசலையே விட்டுவிட்டது. இன்றைக்கு நம் பட்ஜெட்டில் கன்சல்டிங் வாசலில் நிற்கும் டீசல் சின்னக் கார்களில் பாதி அந்த நாலு வருஷத்துப் பிள்ளைகள்.

இங்கே கணக்கு போட்டே ஆகணும். அக்கா மகன் ஒரு நாளைக்கு 120 கிலோமீட்டர், மாதம் 25 நாள், ஆக 3,000 கிலோமீட்டர். பெட்ரோல் கார் லிட்டருக்கு 18 கொடுத்தால் 167 லிட்டர். லிட்டர் நூறு ரூபாய் என்று வைத்தால் 16,700 ரூபாய். டீசல் கார் 20 கொடுத்து, லிட்டர் 92 என்றால் 13,800. மாதம் 2,900 மிச்சம். பார்க்க நன்றாக இருக்கு. ஆனால் பத்துப் பன்னிரண்டு வருஷ டீசல் வண்டியில் இன்ஜெக்டரோ டர்போவோ ஒரு தடவை கைவிட்டால் அந்த மிச்சம் ஒரு வருஷத்துக்கு மெக்கானிக்குடையது. இன்னொன்றையும் அவனுக்குச் சொன்னேன்: வருஷத்துக்கு 36,000 கிலோமீட்டர் ஓடப் போகிற ஆள் நீ. 80 ஆயிரம் ஓடிய வண்டியை வாங்கினால் ரெண்டே வருஷத்தில் அது ஒன்றரை லட்சம் ஓடிய வண்டி. ஆக, கார் விலை உனக்குச் சின்ன விஷயம். ஒரு வருஷப் பெட்ரோல் காசே காரின் விலையைத் தொட்டுவிடுகிறது. 'மலிவான கார்' என்று தேடினால் 800-ஐ அறுபதாயிரத்துக்குக் கொடுப்பார்கள், அதை வாங்கி தினம் பைபாஸில் ஓட்டினால் என்ன ஆகும்?

என்ன ஆகும் என்பதற்கு ரோட்டின் கதையைச் சொல்லணும்.

மாருதி 800 பிறந்தபோது இந்த நாட்டில் அதை மணிக்கு 60-க்கு மேல் தொடர்ந்து ஓட்டுகிற சாலை அதிகமில்லை. ஜி.எஸ்.டி. ரோடே இரண்டு வழிதான். எதிரே லாரி வந்தால் மண்ணில் இறங்கணும். அந்தச் சாலைக்கு அந்தக் கார் பொருத்தம், லேசான உடம்பு, சின்ன எஞ்சின், சின்ன டயர். 1998-இல் வாஜ்பாய் தங்க நாற்கரச் சாலையை அறிவித்த பிறகு எல்லாம் மாறியது. அடுத்த பத்து வருஷத்தில் தாம்பரம் – திண்டிவனம், திண்டிவனம் – உளுந்தூர்பேட்டை என்று நாலு வழி நீண்டுகொண்டே வந்தது. பிறகு உளுந்தூர்பேட்டையிலிருந்து சேலம். ரோடு பத்து வருஷத்தில் மாறிவிட்டது. காரோ மாறவில்லை, கைதான் மாறியது. 60-க்குச் செய்த வண்டியை மூன்றாவது ஓனர் 100-இல் ஓட்டுகிறார்.

வேகம் 60-லிருந்து 100 ஆனால் காற்று தடுக்கிற விசை கிட்டத்தட்ட 2.8 மடங்கு ஆகிறது, ஏனென்றால் அது வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். ஊருக்குள் எறும்பு மாதிரி குடிக்கிற சின்ன எஞ்சின் நாலு வழியில் 100-ஐப் பிடித்தால் மூச்சு முட்டக் குடிக்கும். பழைய 800-இல் பெரும்பாலும் நாலு கியர்தான், எஞ்சின் அலறும். '800-தான் மைலேஜ் ராஜா' என்பது 60-இல் உண்மை, 100-இல் இல்லை. 75, 80-இல் சீராகப் போனால் எந்தக் காரும் மைலேஜ் கொடுக்கும். கார் மாற்றிச் சேமிப்பதைவிடக் காலை எடுத்துச் சேமிப்பது அதிகம். இதைச் சொன்னால் கன்சல்டிங்காரருக்குக் கமிஷன் கிடையாது, அதனால் அவர் சொல்ல மாட்டார்.

அதே 2.8 தான் மோதுகிற ஆற்றலுக்கும். அதுவும் வேகத்தின் வர்க்கம்தான்.

சேலம் – உளுந்தூர்பேட்டை சாலையில் பயணம் செய்தவர்களுக்கு ஒரு விஷயம் தெரிந்திருக்கும். ஊர்களுக்கு இடையே நாலு வழி. ஆனால் ஊர்களைச் சுற்றிப் போகிற பைபாஸ்கள் இரண்டு வழி! கள்ளக்குறிச்சி, சின்னசேலம், ஆத்தூர் என்று பல பைபாஸ்கள் பல வருஷம் அப்படியே ஓடின. நடுவில் தடுப்பு வைத்த சாலையில் 100-இல் பழகிய கால், திடீரென்று எதிரே வண்டி வருகிற சாலைக்குள் நுழையும். வேகம் குறையாது, நடுத் தடுப்பு மட்டும் காணாமல் போகும். நேருக்கு நேர் விபத்துகளால் அந்த பைபாஸ்கள் பத்திரிகைகளில் அடிக்கடி வந்தன. அக்கா மகன் தினமும் போக வேண்டிய வழி அது. அவன் மைலேஜ் கேட்டபோது என் மனசில் ஓடியது இதுதான், போனில் சொல்லவில்லை.

2014 ஜனவரியில் குளோபல் என்கேப் என்ற அமைப்பு இந்தியாவில் விற்கும் சின்னக் கார்களை வாங்கி, மணிக்கு 64 கிலோமீட்டரில் மோதவிட்டுப் பார்த்தது. ஆல்ட்டோ 800, நானோ, ஐ10, ஃபிகோ, போலோ. ஐந்தும் ஏர்பேக் இல்லாத அடிப்படை மாடல். ஐந்துக்கும் பூஜ்யம் நட்சத்திரம். அதே வருஷம் நவம்பரில் ஸ்விஃப்டுக்கும், நம்ம ஒரகடத்தில் செய்த டாட்சன் கோவுக்கும் பூஜ்யம். கோவை விற்பனையிலிருந்தே எடுங்கள் என்று அந்த அமைப்பு கேட்டுக்கொண்டது.

ஆனால் பூஜ்யம் எல்லாம் ஒரே பூஜ்யம் இல்லை. இதைப் பலபேர் கவனிப்பதில்லை. ஆல்ட்டோ, நானோ, ஐ10 மூன்றிலும் ஆள் உட்காரும் கூடே நசுங்கியது, ஏர்பேக் வைத்தாலும் பெரிதாகப் பிரயோஜனம் இல்லை என்றார்கள். ஃபிகோவிலும் போலோவிலும் கூடு நின்றது, ஏர்பேக் இல்லாததுதான் குறை. அந்த ரிப்போர்ட்டை ஒட்டியே ஃபோக்ஸ்வாகன், போலோ எல்லாவற்றிலும் ரெண்டு ஏர்பேக் வைத்தது. மறுபடி சோதித்தபோது நாலு நட்சத்திரம். 2016-இல் டொயோட்டா எடியோஸுக்கும் நாலு.

அரசு விதிகள் மெதுவாகத்தான் வந்தன. முன் சீட் பெல்ட் 1994-லிருந்து. ஏபிஎஸ் புது மாடல்களுக்கு 2018 ஏப்ரல், மற்றவைக்கு 2019 ஏப்ரல். டிரைவர் ஏர்பேக் 2019 ஜூலை. பக்கத்து சீட் ஏர்பேக் எல்லாக் கார்களுக்கும் 2021 கடைசியில்தான். இப்போது பட்ஜெட்டோடு சேர்த்துப் பாருங்கள். ரெண்டு லட்சத்தில் கிடைக்கிற கார்களில் பெரும்பாலானவை இந்தத் தேதிகளுக்கு முன்னால் செய்தவை. விதி வருவதற்கு முன் பணக்காரர் ஏர்பேக் உள்ள டாப் மாடலை வாங்கினார், மிச்சம் பிடித்தவர் அடிப்படை மாடலை வாங்கினார். இன்றைக்கு அது நமக்கு வருகிறது. பத்து வருஷத்துக்கு முன்னால் யாரோ ஒருவர் மிச்சம் பிடித்த காசுக்கு, இன்றைக்கு அந்த சீட்டில் உட்காருகிற என் அக்கா மகன் பொறுப்பேற்க வேண்டியிருக்கிறது.

அதனால் அவனிடம் முதல் தடவையாகக் கொஞ்சம் கண்டிப்பாகவே சொன்னேன். மாடல் பேரை விடு, ஸ்டியரிங்கில் ஏர்பேக் எழுத்து இருக்கான்னு பாரு. இல்லாத வண்டியை எவ்வளவு மலிவா குடுத்தாலும் தொடாத. எடியோஸ் லிவா, போலோ, ஏர்பேக் உள்ள டாப் மாடல் ஃபிகோ. இந்த மூணுக்குள்ள தேடு.

"ஃபிகோ கம்பெனி மூடிட்டாங்களே மாமா?"

நல்ல கேள்வி. ஃபோர்டு இந்தியாவில் கார் செய்வதை நிறுத்துவதாக 2021 செப்டம்பரில் அறிவித்தது. மறைமலை நகரில் செய்த கார். 1950-களில் ஒரு தடவை போனவர்கள், இது ரெண்டாவது தடவை. ஹெரால்டு வைத்திருந்த எங்கள் டாக்டர் பட்ட பாடு நினைவுக்கு வந்தது. ஆனால் ஃபிகோ நிறைய ஓடுகிறது, பாகங்கள் இன்னும் கிடைக்கின்றன. கம்பெனி போனதால்தான் விலையும் இறங்கியிருக்கிறது. ஊரில் அதைத் தொட்டுப் பழகிய மெக்கானிக் இருந்தால் வாங்கலாம், இல்லாவிட்டால் வேண்டாம் என்றேன். போலோவும் பாகம் விலையில் கொஞ்சம் கடிக்கும். என் ஓட்டு லிவாவுக்கு. அழகு கிடையாது, டாஷ்போர்டு நடுவில் மீட்டரை வைத்து விநோதமாக இருக்கும். ஆனால் டாக்சிக்காரர்கள் எடியோஸை அடித்த அடிக்கு அது தாங்கிய விதம் ஊருக்கே தெரியும். அதே எஞ்சின் குடும்பம்தான் இதிலும்.

தேடல் மூன்று ஞாயிற்றுக்கிழமை நடந்தது. விழுப்புரத்தில் ஒரு வண்டி, சலுகை விலை, பளபளவென்று இருந்தது. எனக்கு அந்தப் பளபளப்பே சந்தேகம். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் ஆயிரக்கணக்கான கார்கள் முங்கின. இன்சூரன்ஸ்காரர்கள் கழித்துக் கட்டியவை ஏலத்தில் போய், சுத்தம் செய்து, வெளி மாவட்டங்களுக்கு வந்தன. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் மறுபடி. நம்ம பக்கமே 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயலின்போது சாத்தனூர் அணையிலிருந்து ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல் திறந்துவிட்டு, பெண்ணை கரை தாண்டி, அரசூரில் சென்னை – திருச்சி சாலையே முங்கியதே. முங்கிய காரைக் கண்டுபிடிக்க சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். உள்ளே சுருண்டிருக்கும் பகுதியில் சேற்றுக் கறை இருக்கும், அதை யாரும் கழுவ மாட்டார்கள். ஸ்டெப்னி இருக்கும் பள்ளத்தையும் பாருங்கள். விழுப்புரம் வண்டியின் பெல்ட்டை இழுத்தோம். பாதியில் நிறம் மாறியது. டீ குடித்துவிட்டு வந்துவிட்டோம்.

டயரின் பக்கவாட்டில் நாலு இலக்க எண் ஒன்று இருக்கும். 3518 என்றால் 2018-இன் 35-ஆவது வாரம் செய்த டயர். பட்டன் நன்றாக இருந்தாலும் ஆறேழு வருஷத்து ரப்பரை நாலு வழிச் சாலையின் மே மாத வெயிலில் நம்பக் கூடாது. நாலு டயர் செலவை விலையில் கழித்துப் பேசணும். பழைய சான்ட்ரோ மாதிரி வண்டி பார்ப்பவர்கள் டைமிங் பெல்ட் எப்போது மாற்றியது என்று கேளுங்கள், பதில் இல்லையென்றால் மாற்றவில்லை என்று அர்த்தம். அது அறுந்தால் எஞ்சின் வால்வு வளையும்.

பேப்பர் விஷயத்தில் எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஒரு கெட்ட பழக்கம். வண்டியை வாங்கி, கையெழுத்துப் போட்ட ஃபாரம் 29, 30-ஐ அப்படியே பீரோவில் வைத்துக்கொண்டு, பேர் மாற்றாமல் வருஷக்கணக்கில் ஓட்டுவது. விற்றவருக்கும் அக்கறை இல்லை. 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில், வண்டி நாலைந்து கை மாறியிருந்தாலும் பதிவேட்டில் யார் பேர் இருக்கிறதோ அவரே விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று தெளிவாகச் சொல்லிவிட்டது. பத்து வருஷத்துக்கு முன்னால் விற்ற வண்டிக்கு இன்றைக்கு நோட்டீஸ் வரலாம். பதினைந்து வருஷம் முடிந்த வண்டி என்றால் ஆர்சி புதுப்பிக்க 2022 ஏப்ரலிலிருந்து கட்டணமே 5,000 ரூபாய், பசுமை வரி தனி. மலிவு வண்டியின் விலையில் அதையும் கூட்டிக்கொள்ளணும்.

டோல்கேட் விஷயமும் கேட்டான். 2025 ஆகஸ்ட் 15-இல் ஃபாஸ்டேக் வருடப் பாஸ் 3,000 ரூபாய்க்கு வந்தது, ஆனால் ஒரு வருஷம் அல்லது 200 தடவை, எது முதலில் வருதோ அதுவரைதான். தினம் ரெண்டு தடவை ஒரு கேட்டைத் தாண்டினால் நாலு மாசத்தில் 200 தீர்ந்துவிடும். அந்த விலையில் வருஷத்துக்கு மூன்று பாஸ், 9,000. தாண்டலுக்கு 15 ரூபாய் விழுது. இது பரவாயில்லை.

கடைசியில் கள்ளக்குறிச்சியில் ஒரு லிவா அமைந்தது. 2016 மாடல், பெட்ரோல், ரெண்டு ஓனர், ரெண்டு ஏர்பேக். பட்ஜெட்டுக்கு மேல் எழுபதாயிரம் ஆச்சு. அக்கா ஒரு வளையலைக் கழற்றிக் கொடுத்தாள், அதை நான் எழுதுவதை அவள் விரும்ப மாட்டாள். பேர் மாற்றம் முடிகிற வரை மீதிப் பணம் இருபதாயிரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டோம். கன்சல்டிங்காரர் முகத்தைச் சுளித்தார், பிறகு ஒத்துக்கொண்டார்.

வண்டியை எடுத்துக்கொண்டு வரும்போது நான் பின் சீட்டில் இருந்தேன். பெல்ட் போடலாம் என்று தேடினால் இல்லை. பழைய ஓனர் தைத்துப் போட்ட ரெக்சின் சீட் கவருக்கு அடியில் பின் சீட் பெல்ட்டின் கொக்கிகள் புதைந்து கிடந்தன. ஒன்பது வருஷமாக யாரும் எடுத்ததே இல்லை போலிருக்கு, தொழிற்சாலையின் பிளாஸ்டிக் உறைகூடப் பிரியாமல் இருந்தது. தியாகதுருகத்தில் ஒரு டெய்லர் கடையில் வண்டியை நிறுத்தி, கத்தரிக்கோல் வாங்கி, கவரை ரெண்டு இடத்தில் வெட்டி வெளியே எடுத்தோம்.

"பிள்ளைங்க உக்கார்ற எடம்" என்றான் அவன், வெட்டிய ஓரத்தைத் தைத்துக் கொடுக்கச் சொல்லி டெய்லரிடம் காசு கொடுத்தபடியே.